கடைசிப் பக்கம் கிழிந்திருந்தால்? துப்பறியும் கதைக்குப் புதியவர்களுக்கு

குடியாத்தத்தில் என் அத்தை பீடி சுற்றுவார். மடியில் முறம், முறத்தில் நறுக்கிய இலை, ஒரு ஓரம் தூள், விரலில் நூல். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி என்பதால் கை நிற்கவே நிற்காது, ஆனால் காது சும்மாதான் இருக்கும், அந்தக் காதுக்காக நான் பள்ளி விடுமுறையில் கிரைம் நாவல் வாசித்துக் காட்டுவேன். வாடகைக்குப் புத்தகம் தரும் கடையிலிருந்து எடுத்து வருவது. பல கை மாறி வந்த பாக்கெட் நாவல், அட்டை போயிருக்கும், நடுவில் எண்ணெய்க் கறை இருக்கும். ஒருமுறை கடைசி எட்டுப் பக்கம் கிழிந்துபோன புத்தகம் வந்து மாட்டிக்கொண்டது. கொலையாளி யார் என்று சொல்லப்போகிற இடத்தில் தாள் முடிந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அத்தை கையை நிறுத்தாமல் சொன்னார்: "இன்னாத்துக்கு அழுவுற கண்ணு? அவன் எல்லாத்தையும் முன்னாலயே சொல்லிட்டுத்தானே வந்தான். அந்த மழை பேஞ்ச ராத்திரி வர்ற பக்கத்த இன்னொரு தபா படி."

படித்தேன். ஒரு பணக்காரர் வீடு, வெளியே கொட்டுகிற மழை, வராந்தாவில் காய விரித்துவைத்த ஒரு ஈரக் குடை. "பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தே வந்தேன்" என்று சொல்லிக்கொண்டு ஒரு கம்பவுண்டர் உள்ளே வருகிறான், சோபாவில் உட்காருகிறான், காபி குடிக்கிறான். அத்தை கேட்டார்: "அவன் நனைஞ்சிருந்தான்னு எங்கியாவது எழுதிக்கீதா?" தேடினேன். சட்டை ஈரம் என்று ஒரு வார்த்தை இல்லை. தலை துவட்டத் துண்டு கேட்கவில்லை. குடை அவனுடையது என்றும் இல்லை. "அப்ப அவன் மழைக்கு முன்னாலயே ஊட்டுக்குள்ள இருந்தவன்" என்றார் அத்தை, அவ்வளவுதான், அடுத்த பீடிக்குப் போய்விட்டார்.

துப்பறியும் கதை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த மதியம்தான் நினைவுக்கு வரும். கொலை இருந்தால் மட்டும் அது துப்பறியும் கதை ஆகிவிடாது. கொலை மகாபாரதத்திலும் உண்டு, தினத்தந்தியிலும் உண்டு. ஒரு குற்றம், அதைக் கண்டுபிடிக்கப் புறப்படுகிற ஒருவர், அப்புறம் மூன்றாவதாக ஒன்று: அந்தத் துப்பறிவாளரின் கண்ணில் படுவதெல்லாம் வாசகரின் கண்ணிலும் பட வேண்டும். இந்த மூன்றாவதுதான் ஆட்டத்தின் விதி. கதாநாயகனை வில்லன் துரத்த, அடுத்து என்ன ஆகுமோ என்று பதறிக்கொண்டு படிப்பது த்ரில்லர். குற்றவாளியின் மனசுக்குள் போய் அவன் ஏன் இப்படி ஆனான் என்று பார்ப்பது பொதுவான குற்றக் கதை. துப்பறியும் கதை இந்த இரண்டிலிருந்தும் விலகி, எழுத்தாளரும் வாசகரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம். எழுத்தாளர் தன் காய்களை எல்லாம் பலகை மேலேயே வைத்துவிட வேண்டும், பையில் ஒளித்துவைத்துக் கடைசியில் எடுக்கக் கூடாது. ஆக ஒரு நல்ல துப்பறியும் கதைக்கு நான் வைக்கிற சோதனை இதுதான்: கடைசி எட்டுப் பக்கம் கிழிந்துபோனாலும், கவனமாகப் படித்த ஒருவரால் பதிலைச் சொல்ல முடிய வேண்டும்.

இந்த ஆட்டம் அப்படி ஒன்றும் பழையது இல்லை. 1841-இல் அமெரிக்கரான எட்கர் ஆலன் போ பாரிஸ் நகரத்தில் நடப்பதாக ஒரு சிறுகதை எழுதினார், அதில் வரும் டூப்பான் என்பவர்தான் இந்த வகையின் முதல் துப்பறிவாளர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதன்பின் 1868-இல் வில்கி காலின்ஸ் ஒரு பெரிய நாவல் எழுதினார், திருடுபோன ஒரு மஞ்சள் வைரத்தைப் பற்றி. அந்தக் கதை இங்கிலாந்தில் தொடங்கவில்லை, 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை விழுந்த நாளில் தொடங்குகிறது. அங்கே ஒரு வெள்ளைக்கார அதிகாரி அந்த வைரத்தை அபகரிக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு உடம்பே சிலிர்த்தது, ஏனென்றால் அதே போரில் திப்பு சுல்தான் இறந்தபின் அவர் குடும்பத்தைக் கொண்டுவந்து அடைத்துவைத்தது எங்கள் வேலூர்க் கோட்டையில்தான். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சிக்கு அப்புறம்தான் அவர்களைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்கள். வைரம் கற்பனை, கோட்டைக்குள்ளே இருக்கிற திப்பு மகால் நிஜம்.

1887-இல் ஆர்தர் கானன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸைக் கொண்டுவந்தார். தமிழும் அதிகம் காத்திருக்கவில்லை. பண்டித நடேச சாஸ்திரி 1894-இலேயே தானவன் என்ற போலீஸ்காரரை வைத்து எழுதிவிட்டார். அப்புறம் ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார். இவர்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒருவரை எங்கள் பக்கத்திலேயே பலருக்குத் தெரியாது என்பது எனக்கு நிஜமான வருத்தம். ஆரணி குப்புசாமி முதலியார். ஆரணி இன்று திருவண்ணாமலை மாவட்டம், ஆனால் அவர் காலத்தில் வட ஆற்காடு. 'ஆனந்த போதினி' பத்திரிகையோடு நெருக்கமாக இருந்தவர், 1925-இல் மறைந்தார். ஆங்கிலத்தில் வந்த மர்ம நாவல்களை எடுத்து, ஊர் பேரும் ஆள் பேரும் மாற்றி, தமிழ் வீட்டுக்குள் நடக்கிற மாதிரி எழுதித் தள்ளினார். அவருடைய துப்பறிவாளர் ஆனந்தசிங். தழுவல்தானே என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு, நான் அப்படி ஒதுக்க மாட்டேன். தடயம், சந்தேகம், விசாரணை, கடைசியில் முடிச்சு அவிழ்ப்பது என்ற இந்தப் புதுப் பழக்கத்தை ஒரு தலைமுறைத் தமிழ் வாசகர்களுக்கு ஊட்டியது அந்தப் புத்தகங்கள்தான். நூறு வருஷம் கழித்து என் அத்தை, எழுத்துக்கூட்டித்தான் படிக்கத் தெரிந்தவர், ஈரச் சட்டையைப் பற்றிக் கேள்வி கேட்டாரே, அந்தக் கேள்வி அந்த வழியாக வந்ததுதான்.

சரி, தடயம் என்றால் என்ன? ரத்தக் கறை, கைரேகை, உடைந்த வளையல் என்றுதான் முதலில் தோன்றும். அதெல்லாம் தடயம்தான், ஆனால் கொஞ்சம் சாதாரணமான தடயம். இருக்கிறதைப் பார்க்க யாராலும் முடியும். இருக்க வேண்டியது இல்லாமல் போவதைப் பார்ப்பதுதான் கஷ்டம். இதை வேலூர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டே, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று. அதில் கடைசி மட்டும் 1981 மார்ச்சில் மாறியது, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து ஜலகண்டேஸ்வரர் கோயிலில் வைத்தார்கள். மற்றபடி பாலாறு இன்னும் முக்கால்வாசி நாள் மணல்தான். ஒரு ஊரை, அதில் இல்லாததை வைத்தே அடையாளம் சொன்ன ஜனங்கள் நாங்கள்.

டாயில் 1892-இல் எழுதிய ஒரு கதையில் இதே விஷயம்தான் மையம். ராத்திரியில் லாயத்திலிருந்து ஒரு பந்தயக் குதிரை காணாமல் போகிறது. லாயத்தில் காவலுக்கு ஒரு நாய் இருக்கிறது. அந்த நாய் ராத்திரி என்ன செய்தது என்பதைக் கவனியுங்கள் என்கிறார் ஹோம்ஸ். அது ஒன்றுமே செய்யவில்லையே என்கிறார் இன்ஸ்பெக்டர். அதுதான் விஷயமே. நாய் குரைக்கவில்லை என்றால் வந்தவன் நாய்க்குத் தெரிந்தவன்.

இதை நம் ஊரில் வைத்து ஒரு சின்ன உதாரணமாகப் பார்ப்போம், நானே கட்டியது. அவசரப்படாமல் படியுங்கள்.

மே மாதம், அக்னி நட்சத்திரம். காட்பாடியில் ஒரு வீடு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கூட அவருடைய அக்கா மகன். பின்கட்டில் ஒரு குடித்தனம், நான்கு மாத வாடகை பாக்கி, முந்தின நாள் காலையில் அது விஷயமாக வாசலில் பெரிய வாய்ச்சண்டை. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வழக்கம்போல் ஐயா மாடித் தரையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து செய்தி பார்த்தார். மறுநாள் காலை வேலைக்கார அம்மா வந்தார். வாசல் தெளித்துக் கோலம் போட்டார், பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தார், மாடிக்குப் போய் ஐயாவின் பாய், தலையணையை ஓரமாக ஒதுக்கிவிட்டு வடகம் காயவைக்கத் துணி விரித்தார், இறங்கி வந்து காபிக்குத் தண்ணீர் வைத்தார். ஐயாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. தள்ளிப் பார்த்தால் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறார், உயிர் இல்லை. அக்கா மகன் ஓடிவந்து அழுகிறான்: "பத்து மணிக்கு ரூமுக்குப் போய்ப் படுத்தாரு சார், ஒரு மணி வரைக்கும் நான் ஹால்லதான் மேட்ச் பார்த்துக்கிட்டு இருந்தேன், மாமா வெளியவே வரல." இன்ஸ்பெக்டர் அறையைப் பார்க்கிறார். கட்டிலில் பூப்போட்ட விரிப்பு, பக்கத்தில் ஸ்டூல், ஸ்டூல் மேல் மூக்குக்கண்ணாடி, மாத்திரை டப்பா, தண்ணீர்ச் சொம்பு. மாரடைப்பாக இருக்கும் என்கிறார்கள் எல்லோரும்.

யார் பொய் சொல்கிறார்கள்? கட்டிலில் தலையணை இல்லை. இல்லை என்று நான் எங்கேயும் எழுதவில்லை, இருக்கிறதை மட்டும் சொன்னேன், தலையணையைச் சொல்லவில்லை. அது மாடியில் இருந்தது, அதையும் சொல்லிவிட்டேன், ஆனால் கோலத்துக்கும் காபிக்கும் நடுவில் செருகிச் சொன்னேன். வேலூர் வெயிலில் மாடியில் தண்ணீர் ஊற்றுகிறவர் எதற்கு ஊற்றுகிறார் என்று உங்களுக்குத் தெரியும். அவர் அன்று ராத்திரி படுத்தது மாடியில். உடம்பு கீழே வந்திருக்கிறது என்றால் யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள், விடிந்தால் பக்கத்து மாடிகளில் படுத்திருப்பவர்கள் கண்ணில் படும் என்பதால். "வெளியவே வரல" என்றவன் மாட்டிக்கொண்டான்.

இங்கே நான் செய்த வேலையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். முக்கியமான தடயத்தை ஒரு பட்டியலின் நடுவில் வைத்தேன், பட்டியலின் முதலும் கடைசியும்தான் மனசில் நிற்கும். அப்புறம் வாடகைச் சண்டையை முன்னாலேயே பெரிதாகக் காட்டினேன், உங்கள் சந்தேகம் பின்கட்டுப் பக்கம் போகட்டும் என்று. அந்தக் குடித்தனக்காரர் பொய்த் தடயம். பொய்த் தடயம் என்றால் பொய் சொல்வது என்று அர்த்தமில்லை, சண்டை நடந்தது உண்மைதான், அதற்கும் சாவுக்கும் சம்பந்தம் இல்லை, அவ்வளவுதான். எழுத்தாளர் பார்வையைத் திருப்பலாம், பொய் சொல்லக் கூடாது. இந்த ஒரு கோட்டைத் தாண்டினால் கதை செத்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது. 'ஐயாவின் பாய்' என்று எழுதினேனே, வெறும் 'பாய்' என்று விட்டிருந்தால் அது அக்கா மகனுடையதாக இருக்கலாமே என்று ஒரு வாசகர் கேட்பார், கேட்க வேண்டும். அந்த ஓட்டையை அடைக்க ஒரே ஒரு சொல் போதும், ஆனால் அந்தச் சொல் விழாவிட்டால் முழுக் கட்டடமும் சரிந்துவிடும். கிரைம் எழுதுகிறவர்களின் ராத்திரித் தூக்கம் போவதெல்லாம் இந்த மாதிரிச் சொற்களால்தான்.

இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரும் மர்மக் கதை எழுதியவர், 1929-இல் இதற்குப் பத்துக் கட்டளைகள் போட்டார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும், பேய் பிசாசு கூடாது, இதுவரை யாருக்கும் தெரியாத விஷம் கூடாது, வாசகரைத் தயார்படுத்தாமல் இரட்டைப் பிறவியைக் கொண்டுவரக் கூடாது என்று போகும். ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது என்றும் ஒரு கட்டளை உண்டு. கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கப்பாதை இருக்கிறது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள், அதை வைத்துக் கதை எழுத யாருக்கும் ஆசை வரும். எழுதலாம். ஆனால் அந்தச் சுரங்கம் இருக்கிறது என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே ஒரு டீக்கடைப் பேச்சிலாவது வந்துவிட வேண்டும், கடைசியில் கொலையாளி தப்பிக்க வழி இல்லாமல்போய் எழுத்தாளர் அவசரமாகத் தோண்டின சுரங்கமாக இருக்கக் கூடாது.

இப்படிக் கதை கட்டுவதற்கு ஒரே வழி பின்னாலிருந்து முன்னால் வருவது. வாசகர் பிணத்தில் தொடங்குகிறார், எழுத்தாளர் பதிலில் தொடங்குகிறார். யார், எப்படி, ஏன் என்ற மூன்றும் தன் நோட்டில் முடிவான பிறகுதான் முதல் வரி. ஆர். ஆஸ்டின் ஃப்ரீமன் என்பவர் 1912 வாக்கிலேயே கொலை செய்தவனை முதலிலேயே காட்டிவிட்டு, எப்படி மாட்டுகிறான் என்பதை மட்டும் கதையாக்கிப் பார்த்தார், அது இன்றைக்கும் டிவியில் ஓடுகிற ஒரு தனி வகை. அதிலும் தடய விதி மாறாது.

இதையே தொழிலாக வைத்துக்கொண்டவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் ஒன்று புரியும், பலருக்கும் தடயம் வேறு வேலையிலிருந்துதான் வந்திருக்கிறது. டாயில் டாக்டர். எடின்பரோவில் அவருக்குப் பாடம் எடுத்த ஜோசப் பெல், நோயாளி உள்ளே வந்து உட்காருவதற்குள் அவர் என்ன தொழில் செய்கிறார், எங்கிருந்து வருகிறார் என்று சொல்லிவிடுவாராம், ஹோம்ஸ் பிறந்தது அங்கேதான். அகதா கிறிஸ்டி முதல் உலகப்போர் சமயத்தில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தார். எந்த மருந்து எத்தனை சொட்டுக்கு மேல் போனால் விஷம் என்பது அவருக்கு அன்றாட வேலை, 1920-இல் வந்த முதல் நாவலிலேயே கொலை விஷத்தால்தான். இதை நான் எங்கள் ஊர்க்காரர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி நர்ஸும் லேப் டெக்னீஷியனும் பார்மசிஸ்டும் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் ரசாயனம் கையில் பட்டு வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குத் தெரிந்ததில் கால்வாசி எனக்குத் தெரிந்திருந்தால் நான் இந்நேரம் நாவல் எழுதியிருப்பேன்.

அப்புறம் எண்ணிக்கை. கோயம்புத்தூர் ராஜேஷ்குமார் 1,500-க்கு மேல் நாவல் எழுதியவர். ஐம்பது வருஷம் என்று வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு இரண்டு, மூன்று என்று வருகிறது. பஸ் ஸ்டாண்டு கடையில் மாதா மாதம் புது அட்டையோடு தொங்க வேண்டிய பாக்கெட் நாவல் அப்படி ஒரு வேகத்தைக் கேட்டது. வேகமாக எழுதினதெல்லாம் மட்டம் என்று பேசுகிறவர்கள், மாதம் ஒரு முடிச்சைப் போட்டு அதை நேர்மையாக அவிழ்ப்பது எவ்வளவு பாடு என்று ஒருதரம் முயன்று பார்க்கட்டும். அந்த வேகத்துக்குத் தோள் கொடுப்பது தொடர் கதாபாத்திரம்தான். தமிழ்வாணனுக்குச் சங்கர்லால், சுஜாதாவுக்குக் கணேஷ்-வசந்த், ராஜேஷ்குமாருக்கு விவேக்-ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகருக்குப் பரத்-சுசீலா. ஆளை மறுபடி அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, நேராகப் பிணத்துக்குப் போய்விடலாம்.

ஆனால் அந்த ஆளே பாரமாகவும் ஆகிவிடுவார். டாயிலுக்கு ஹோம்ஸ் அலுத்துப்போய் 1893-இல் ஒரு அருவியில் தள்ளிக் கொன்றுவிட்டார். வாசகர்கள் விடவில்லை, 1903-இல் உயிரோடு திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. கிறிஸ்டி வேறு மாதிரி செய்தார், தன் துப்பறிவாளர் பொய்ரோவின் கடைசிக் கதையை இரண்டாம் உலகப்போர் நாட்களிலேயே எழுதிப் பூட்டிவைத்துவிட்டு, 1975-இல்தான் வெளியே விட்டார். அப்போது நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் பொய்ரோவுக்கு இரங்கல் செய்தி போட்டது, கற்பனை ஆளுக்கு.

எழுத நினைப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். கொலை வழக்கு என்றதும் கை தானாகப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் '302' என்று எழுதும். 2024 ஜூலை 1-க்கு அப்புறம் நடக்கிற கொலைக்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுச் சட்டத்தின் செக்‌ஷன் 103. தேதியும் செக்‌ஷனும் ஒத்துப்போகவில்லை என்றால், கோர்ட்டுக்குப் போய்வந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

படிக்கத் தொடங்குகிறவர்கள் சிறுகதையில் தொடங்குங்கள், முந்நூறு பக்க நாவலில் வேண்டாம். பென்சில் ஒன்று கையில் இருக்கட்டும். யார் எங்கே இருந்ததாகச் சொல்கிறார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள், முடிச்சு அவிழ்கிற பக்கத்துக்கு முன்னால் நிறுத்துங்கள், ஒரு ராத்திரி விட்டு மறுநாள் திறங்கள். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, எந்த வரியை நீங்கள் தாண்டிப் போனீர்கள் என்று திரும்பிப் போய்ப் பார்ப்பதில்தான் பாதி சுகம்.

அந்த எட்டுப் பக்கம் கிழிந்த நாவல் போன வருஷம் வேலூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் முழுசாகக் கிடைத்தது. அங்கேயே நின்று கடைசிப் பக்கங்களைப் படித்தேன். கம்பவுண்டர்தான். மழையில் வந்தவன் நனையவில்லை என்பதைத்தான் துப்பறிவாளரும் சொல்கிறார், அத்தை சொன்ன அதே காரணம். உடனே குடியாத்தத்துக்குப் போன் போட்டேன். இப்போது கண் பார்வை குறைந்துவிட்டது, பீடி சுற்றுவதில்லை, காது மட்டும் அப்படியே இருக்கிறது. முழுசாகப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"வராந்தாவுல ஒரு கொட காய வெச்சிருந்திச்சே, அது யாருதுன்னு சொன்னானா?"

திரும்பப் புரட்டிப் பார்த்தேன். "இல்ல அத்த, சொல்லல."

"அப்ப மறந்துட்டான்" என்றார்.